படத்தில் இல்லாத படிகள்

சென்ற ஆண்டு ஆனித் திங்கள். மாங்கனித் திருவிழாவின் கூட்டம் காரைக்கால் தெருக்களை நிறைத்திருந்த ஒரு மாலைப் பொழுதில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் நம் பங்கு இல்லத்திற்கு வந்தனர். ஆசிரியரின் கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து மூன்று நூல்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றும் பிரான்சு நாட்டிற்கான பயண வழிகாட்டிகள். "இதுல எதைக் கையில வச்சுக்கிட்டுப் போறதுன்னு நீங்கதான் சொல்லணும் சாமி" என்றார்.

அவர்களுடைய மகள் பாரிசு மாநகருக்கு வடக்கே சார்செல் நகரில் குடும்பத்தோடு வாழ்கிறார். நம் ஊர் வாசகர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த காலம் நீங்கலாக, 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. 1962 ஆகஸ்டு 16இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதற்கான வழி விடப்பட்டது. சொல்தா குடும்பங்கள் என்று நாம் இன்றும் வழங்கும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்கள் இங்கே உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசுவோரைக் கேட்டுப் பாருங்கள். பலருக்குக் கடலுக்கு அப்பால் ஓர் அண்ணனோ, மருமகனோ, பேரப்பிள்ளையோ இருப்பார்.

ஆசிரியர் தம்பதியர் போவது இதுவே முதல் முறை. ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சேர்த்த பணம். இன்னொரு முறை வாய்க்கும் என்று இருவருமே நம்பவில்லை. அந்த அம்மையாருக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் பேத்தி குறைமாதத்தில் பிறந்து உயிருக்குப் போராடியபோது, லூர்து நகர் மாசபியேல் கெபியில் தம் கையால் ஒரு மெழுகுதிரி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது, நேர்ச்சை நின்றது. இதற்கிடையே அவருடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயின. மூன்று வாரப் பயணத்தில் மகளுக்குக் கிடைக்கும் விடுப்பு ஒரு வாரமே. எஞ்சிய நாள்களில் முதியவர்கள் இருவரும் ஒரு நூலை நம்பித்தான் அந்நிய மண்ணில் நடமாட வேண்டும்.

மூன்று நூல்களில் ஒன்று, மகள் அனுப்பிய பிரெஞ்சு நூல். செங்கல்லைப் போன்ற கனம். படங்கள் இல்லையென்றே சொல்லலாம். எந்தத் தொடர்வண்டி எத்தனை மணிக்கு, எந்த ஆலயத்தில் மின்தூக்கி உண்டு, எந்தக் கடை திங்களன்று மூடப்பட்டிருக்கும் என்று பொடி எழுத்தில் அடுக்கியிருந்தது. இரண்டாவது, ஆசிரியர் சென்னையில் வாங்கிய ஆங்கில நூல். பளபளக்கும் தாள், பக்கம் முழுவதும் ஒளிப்படங்கள், காலைப் பனியில் மோன் சேன் மிஷேல், மாலை வெயிலில் வெர்சாய் அரண்மனை. மூன்றாவது, மருமகன் எப்போதோ பழைய கடையில் வாங்கி, ஊருக்கு வந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பியது. அதில் கட்டடங்களை ஒளிப்படமாக எடுக்காமல் வரைந்திருந்தார்கள். கூரையைத் திறந்து உள்ளே காட்டுவதுபோல, தூண்களும் படிக்கட்டுகளும் பீடங்களும் தெரியும்படியான ஓவியங்கள். இவ்வகை நூல்கள் 1990களில் பெருகின. பாரிசில் கல்லிமார் பதிப்பகம் 1992இலும், இலண்டனில் டார்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம் 1993இலும் இத்தகைய வரிசைகளைத் தொடங்கின.

எந்த நூலை வாங்குவது என்பதில் அறவியல் சிந்தனைக்கு என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். கடையில் கத்தரிக்காய் பொறுக்குவது போன்ற காரியந்தானே இது? ஒரு காலத்தில் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நம் எண்ணத்தை மாற்றியவர் நம் பங்கின் கைம்பெண் ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் தம் தங்கை குடும்பத்தோடு பாரிசு சென்றார். புறப்படுமுன் அவர்களும் ஒரு நூலைக் காட்டி நம்மிடம் ஆலோசனை கேட்டனர். பளபளப்பான ஒளிப்பட நூல் அது. நாம் பத்து நிமிடம் புரட்டிப் பார்த்து, "நல்ல நூல், இதையே கொண்டு போங்கள்" என்று சொல்லி ஆசீர் கொடுத்து அனுப்பினோம். அதில் மோன்மார்த்ர் குன்றின்மேல் உள்ள திரு இருதய ஆலயத்தின் படம் இரண்டு பக்கங்களுக்கு விரிந்திருந்தது. வெண்ணிறக் குவிமாடம், நீலவானம், மேகம். அந்த அம்மையார் இளமை முதல் திரு இருதய பக்தியில் ஊறியவர். முதல் வெள்ளி தவறியதில்லை. அந்த ஆலயத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரவேண்டும் என்பதே அவருடைய ஆசை. குன்றின் அடிவாரத்தில் போய் நின்றபோதுதான் படிக்கட்டைக் கண்டார். 222 படிகள். உடன் வந்த இளையவர்கள் ஏறிச் சென்றனர். அவர் கீழே ஒரு பலகையில் மாலை வரை அமர்ந்திருந்து, செபமாலை சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இதில் இன்னும் வேதனையான ஒன்று உண்டு. அவர் அமர்ந்த இடத்திலிருந்து சில எட்டுகளில் கம்பிவட ஊர்தி ஒன்று குன்றின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 1900ஆம் ஆண்டு முதல் அங்கே இருப்பது. அன்று நகர இரயில் பயணச்சீட்டிலேயே அதில் ஏறிச் செல்லலாம். அவர்கள் அதைப் பொருட்காட்சி இராட்டினம் போன்ற வேடிக்கை என்று நினைத்துவிட்டனர். நூலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊருக்குத் திரும்பிய அம்மையார் நம்மைப் பார்த்து, குறையாகக்கூட இல்லாமல், ஒரு செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்: "படத்துல படியே இல்லையே சாமி."

ஆசிரியர் மூன்று நூல்களை மேசைமேல் வைத்தபோது நம் செவியில் ஒலித்தது அந்தச் சொல்தான்.

அந்தப் படம் பொய் சொன்னதா? குருமடத்தில் நாம் பயின்ற அறவியல், உள்ளத்தில் உள்ளதற்கு மாறாகப் பேசுவதைப் பொய் என்று வரையறுத்தது. அக்குவினா தோமையார் வழி வந்த வரையறை அது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் அந்த ஒளிப்படக் கலைஞர் பொய்யர் ஆகமாட்டார். குவிமாடம் இருக்கிறது, வெண்மை இருக்கிறது, வானமும் அன்று நீலமாகவே இருந்திருக்கும். இல்லாத எதையும் அவர் காட்டவில்லை. இருந்தும் அப்படத்தை நம்பிச் சென்ற ஒருவர் அடிவாரத்தில் அமர்ந்துவிட்டார். உண்மையான துண்டுகளைச் சேர்த்தே ஒரு தவறான எண்ணத்தைக் கட்டிவிட முடியும் என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு நமக்குச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. அல்லது, சொல்லிய அன்று நாம் தூங்கியிருக்கவும் கூடும்.

படம் போட்ட வழிகாட்டியின் வரலாறே இந்தச் சிக்கலோடுதான் தொடங்குகிறது. ஜெர்மனி நாட்டு மைன்ஸ் பேராலயத்தைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ஃபான் பிரைடன்பாக் என்னும் குரு 1483இல் புனித நாட்டிற்குத் திருப்பயணம் புறப்பட்டார். பின்னால் வருவோருக்குப் பயன்படும் நூல் ஒன்றை எழுத வேண்டும் என்ற நோக்கத்தோடு எர்ஹார்ட் ராய்விக் என்னும் ஓவியரையும் உடன் அழைத்துச் சென்றார். 1486இல் மைன்ஸ் நகரில் அச்சான அந்நூல், அச்சுக்கலை பிறந்த ஊரிலேயே வெளிவந்த படங்களோடு கூடிய முதல் பயண நூல் என்ற பெருமைக்குரியது. வெனிஸ் நகரின் காட்சி ஒன்றரை மீட்டருக்கும் மேலாக மடிப்பு மடிப்பாக விரியும். ஓவியர் நேரில் கண்டு வரைந்த படங்கள் என்பதால் அந்நாளில் அதற்கு இருந்த மதிப்பு பெரிது. அந்தக் குழுவில் சென்ற இளம் பிரபு ஒருவர் அலெக்சாந்திரியாவில் இறந்துபோனார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அக்காலத்துப் பயணம் அப்படிப்பட்டது.

அந்நூலில் விலங்குகளின் படம் ஒன்று உண்டு. ஒட்டகம், முதலை, ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றோடு, நெற்றியில் ஒற்றைக் கொம்பு நீண்ட குதிரை ஒன்றும் நிற்கிறது. புனித நாட்டில் நாங்கள் கண்டவாறே இவை உண்மையாக வரையப்பட்டுள்ளன என்று கீழே உறுதிமொழி வேறு. ஒற்றைக் கொம்புக் குதிரையை எவரும் கண்டதில்லை என்பதை நாம் அறிவோம். அதே நூலில் எருசலேமின் காட்சியும் இருக்கிறது. ஒலிவ மலையிலிருந்து பார்ப்பதுபோல வரையப்பட்ட படம். அங்கிருந்து பார்த்தால் திருக்கல்லறை ஆலயத்தின் முகப்பு நமக்கு நேராகத் தெரியாது. அது தெற்கு நோக்கியது. ஓவியரோ அந்த முகப்பை நம் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். திருப்பயணி அந்த வாயிலை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டுமே மெய்க்கு மாறானவை. ஆனால் இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் வைக்க நமக்கு மனம் வரவில்லை. கொம்புக் குதிரை, நூலைப் புரட்டுபவனின் வியப்பைத் தூண்ட வந்தது. திரும்பிய வாயிலோ, களைத்து வந்து சேரும் ஒருவன் தடுமாறாதிருக்க வந்தது. முன்னது நூலை விற்கும். பின்னது பயணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கோணலாக வரைந்த படம் நேர்மையாகவும், நேராக எடுத்த படம் நேர்மையற்றதாகவும் இருக்கக்கூடும் என்பதை இந்த ஐந்து நூற்றாண்டுப் பழைய நூலிலிருந்து நாம் கற்றோம்.

நூலை யார், எதற்காகச் செய்கிறார்கள் என்ற கேள்வி இங்கே எழுகிறது. மிஷ்லேன் வழிகாட்டி 1900இல் வெளிவந்தபோது வாகன ஓட்டிகளுக்கு இலவசமாகத் தரப்பட்டது. வெளியிட்டவர்கள் டயர் செய்யும் சகோதரர்கள். மக்கள் ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் வியாபாரம். இதில் மறைவு ஒன்றுமில்லை; அவர்கள் நூலும் பயனுள்ளதாகவே இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது என்பதற்காகச் சொல்கிறோம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட நூலொன்றில், புகழ்பெற்ற நீலநிற அட்டை வழிகாட்டி வரிசையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மலைகளையும் நினைவுச்சின்னங்களையும் புகழும் அந்நூல், அங்கே வாழும் மனிதர்களைக் காணாமற் போகச் செய்துவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆலயங்களையே பட்டியலிட்டு நாட்டைச் சொல்லி முடித்துவிடுகிறது என்றும் குறை கூறுகிறார். குருக்களாகிய நமக்கு இது சற்றே உறைக்கிறது. ஆலயப் பட்டியலோடு ஊர் முடிந்துவிடும் என்று எண்ணும் பழக்கம் நமக்கும் உண்டு. இன்னொரு கொடுமையும் நினைவுக்கு வருகிறது. 1942இல் ஜெர்மானிய வான்படை எக்ஸ்டர், பாத், நார்விச், யார்க், கேன்டர்பரி ஆகிய ஆங்கிலேய நகரங்களைத் தாக்கியபோது, பேடேக்கர் வழிகாட்டியில் நட்சத்திரக் குறி பெற்ற கட்டடங்களையெல்லாம் தகர்ப்போம் என்று அந்நாட்டு அதிகாரி ஒருவர் சொன்னார். காண வேண்டியவை என்று யாரோ குறித்த பட்டியல், அழிக்க வேண்டியவை என்று இன்னொருவன் கைக்குப் போயிற்று.

படத்திற்கு வயது தெரியாது என்பதையும் நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்கு முன் எடுத்த கிளிஞ்சல்மேட்டுக் கரையின் படம் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். படத்தில் அலை இன்னும் அமைதியாகத்தான் இருக்கும்.

இவ்வளவையும் நாம் ஆசிரியரிடம் சொல்லவில்லை, சிலவற்றைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர், தமிழாசிரியர் அல்லவா, நம்மை நம் வீட்டுக்கே அழைத்துச் சென்றார். "நம்ம ஆற்றுப்படை நூல்களும் வழிகாட்டிதானே சாமி?" என்றார். உண்மைதான். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை, வள்ளலிடம் சென்று பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்வதாக அமைந்தவை. சொல்பவன் அந்த வழியில் நடந்தவன். கேட்பவனோ பசியோடு நிற்பவன். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தை ஆசிரியர் விரித்துரைத்தார். நன்னனின் செல்வத்தைச் சொல்வதற்கு முன், வழியில் பன்றியைப் பிடிக்க வைத்த பொறிகளைச் சொல்கிறார் புலவர், பாம்பைச் சொல்கிறார், தினைப்புனம் காப்போர் கவணில் எறியும் கற்கள் எப்பக்கமிருந்து வரும் என்கிறார், வழுக்கும் பாறையைச் சொல்கிறார். பிறகுதான் விருந்தும் பரிசும். இருபது நூற்றாண்டு அளவு பழைமையான அந்த மரபில் வழிகாட்டுபவனுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. தான் நடந்ததையே சொல்ல வேண்டும். கேட்பவனின் காலை நினைத்துச் சொல்ல வேண்டும்.

நாம் தவறியது இரண்டாவதில். அந்தக் கைம்பெண்ணின் முழங்காலை நாம் அறிந்திருந்தோம். நற்கருணை வாங்க வரும்போது அவர் தூணைப் பற்றிக்கொண்டு நடப்பதை வாரந்தோறும் கண்டவர்கள் நாம். இருந்தும் நூலைப் பார்த்தோமே ஒழிய, அதைத் தூக்கிச் செல்லப் போகிறவரைப் பார்க்கவில்லை. ஆலோசனை கேட்டு வருபவன் தன் பொறுப்பில் ஒரு பகுதியை நம்மிடம் ஒப்படைக்கிறான். தெரியாத காரியத்தில் தெரிந்தவர்போல் தலையசைப்பது, குறிப்பாக ஒரு குருவானவர் தலையசைப்பது, எளிதில் கழுவிவிடக்கூடிய குற்றமன்று. அந்த ஒளிப்படக் கலைஞரை விட்டுவிடலாம். அவர் எவருடைய முழங்காலையும் அறியமாட்டார்.

இத்தனையும் எண்ணி, நாம் மகள் அனுப்பிய பிரெஞ்சு நூலைத் தொட்டுக்காட்டினோம். "அழகில்லைதான். ஆனால் படிகளும் மின்தூக்கியும் இதில்தான் இருக்கின்றன. ஆசிரியர் ஐயாவுக்குப் பள்ளியில் படித்த பிரெஞ்சு இன்னும் மறக்கவில்லையே" என்றோம். பழைய தவறுக்குப் பரிகாரம் செய்துவிட்ட நிறைவு நமக்கு.

அதுவரை பேசாதிருந்த அம்மையார் அப்போது வாய் திறந்தார். "அவருக்குத் தெரியும் சாமி. எனக்குத் தமிழ் மட்டுந்தான். இதுல எனக்குன்னு என்ன இருக்கு?"

நாம் விடையின்றி இருந்தோம். அவர் தொடர்ந்தார். "பேத்திக்குத் தமிழ் சரியா வராது. எனக்கு அவ பேசுறது புரியாது. படம் இருந்தா ரெண்டு பேரும் மடியில வச்சு ஒண்ணாப் பாக்கலாமே. அவ காட்டினா நான் பாப்பேன், நான் காட்டினா அவ சொல்லுவா."

மறுபடியும் நூலைப் பார்த்து ஆளை மறந்திருந்தோம். இம்முறை மறந்தது முழங்காலை அன்று. அவர் எந்த மொழியில் படிப்பார் என்பதை. கி.பி. 600இல் பெரிய கிரகோரியார் மார்செய் நகர ஆயர் செரேனுசுக்கு எழுதிய மடல் நமக்கு நன்கு தெரிந்ததே. ஆலயச் சுவரிலிருந்த படங்களை மக்கள் வழிபடுகிறார்களே என்று அஞ்சி அவற்றை உடைத்தெறிந்த ஆயரைக் கண்டித்து எழுதியது அது. எழுத்தறியாதவர் சுவர்களைப் பார்த்தாவது வாசித்துக்கொள்ளட்டும் என்பது திருத்தந்தையின் கருத்து. குருமடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த செய்தி. நம் ஊரிலிருந்து கப்பல் ஏறிய சொல்தாக்கள் போய் இறங்கிய துறைமுகம் அந்த மார்செய்தான். அங்கே உடைந்த படங்களின் பாடம் நம் பங்கு இல்லத்து மேசையில் நமக்கே தேவைப்பட்டது. படத்தால் ஒருவர் ஏமாந்தார் என்பதற்காக, படத்தையே நம்பியிருக்கும் இன்னொருவரிடமிருந்து அதைப் பறிக்கத் துணிந்தோம். செரேனுசும் நல்ல எண்ணத்தோடுதான் சம்மட்டியை எடுத்திருப்பார்.

பிறகு நடந்தது எளிமையானது. அம்மையார் வரைபட நூலைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். லூர்துப் பக்கத்தை ஆசிரியர் விரித்துக் கொடுத்தார். ஒளிப்பட நூல்கள் பெரும்பாலும் வானை நோக்கி உயரும் மேல் ஆலயத்தின் கோபுரத்தையே காட்டும். 1871இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட அவ்வாலயம் பாறையின்மேல் நிற்பது. அதைப் பார்த்தே தம்மால் ஏற முடியாது என்று அம்மையார் இத்தனை நாள் உள்ளுக்குள் அஞ்சியிருக்கிறார், வெளியே சொல்லவில்லை. வரைந்த படத்திலோ எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே கோபுரம், கீழே 1889இல் திறந்த செபமாலை ஆலயம், பக்கவாட்டில் சரிவுப் பாதைகள், பாறையின் அடியில், காவ் ஆற்றின் ஓரமாக, சமதரையில் கெபி. அம்மையார் முற்றத்திலிருந்து கெபி வரை விரலால் நடந்து பார்த்தார். "படியே இல்லையே!" என்றார். அதே சொல், வேறு குரலில்.

வேறு சிக்கல் ஒன்று எஞ்சியிருந்தது. ஆசிரியர், பளபளக்கும் ஆங்கில நூலைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்திருந்தார். பாரிசு, வெர்சாய், மோன் சேன் மிஷேல், நீஸ், லூர்து, முடிந்தால் உரோமை. இருபத்தொரு நாளில் பதினான்கு நாள் பயணத்திலேயே போய்விடும். மகளோடும் பேத்தியோடும் இருப்பதற்கு எஞ்சுவது ஒரு வாரம். கண்களின் இச்சையைப் பற்றி அகுஸ்தீனார் தம் ஒப்புதல்களின் பத்தாம் பகுதியில் எழுதியிருப்பது நமக்கு நினைவுக்கு வந்தது. அவரை முன்வைத்து ஆசிரியரைக் கடிந்துகொள்ளவும் தோன்றியது. ஆனால் நாற்பதாண்டுக் காலம் சுண்ணக்கட்டியோடு நின்று, பாடநூல் படங்களைக் காட்டியே பிள்ளைகளுக்கு உலகைச் சொன்ன மனிதர் அவர். அவற்றில் ஒன்றையாவது கண்ணால் காண விரும்புவதைப் பாவம் என்று எப்படிச் சொல்வது? அக்குவினா தோமையாரே வீண் ஆவலையும் கற்கும் ஆர்வத்தையும் வேறு வேறாகத்தான் பிரித்துப் பேசுகிறார்.

புறப்படவே வேண்டுமா என்ற கேள்வியையும் முன்னோர் கேட்டிருக்கிறார்கள். எருசலேமுக்குச் சென்று வந்த நீசா நகர் கிரகோரியார், இடம் மாறுவதால் கடவுள் நெருங்கி வருவதில்லை என்று எழுதினார். பெத்லகேமில் வாழ்ந்த எரோணிமுசாரும், விண்ணகம் பிரித்தானியாவிலிருந்தும் எருசலேமிலிருந்தும் ஒரே தொலைவு என்னும் கருத்தில் எழுதினார். அதே எரோணிமுசார் வேறோரிடத்தில், யூதேயாவைக் கண்ணால் கண்டவன் மறைநூலை இன்னும் தெளிவாகப் புரிந்துகொள்வான் என்கிறார். இருவருமே போய்ப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. புதுச்சேரி அருகே வில்லியனூரில் லூர்தன்னை இருக்க அவ்வளவு தொலைவு ஏன் என்று நம் பங்கிலும் சிலர் கேட்டார்கள். நேர்ச்சை செய்தவர் அவர். எந்தக் கெபி என்று சொன்னவரும் அவர். இதில் நாம் தலையிட ஒன்றுமில்லை.

நம் ஊரின் பெயரையே தம் பெயரில் தாங்கும் அம்மையாரை அந்த மாலையில் நினையாதிருக்க முடியவில்லை. தெருவில் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. கயிலைக்குச் சென்றவர், அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. போய்ச் சேர்ந்த பின் அவர் அனுப்பப்பட்டது தமிழ்நாட்டுத் திருவாலங்காட்டிற்கு. பிற சமயத்தவரின் இந்த வரலாற்றை நாம் சொந்தம் கொண்டாடவில்லை. ஆனால் ஓரிடத்திற்குச் செல்பவர் எப்படிச் செல்ல வேண்டும் என்பதைப் பற்றி இதைவிடக் கூச்சமும் மரியாதையும் நிறைந்த ஒரு காட்சியை நாம் படித்ததில்லை.

முடிவில் பட்டியலைச் சுருக்கியது நாமல்லோம். அம்மையார் அதைக் கணவரிடமிருந்து வாங்கி, ஒவ்வோர் ஊராகக் கேட்டார்: "இதுக்கு எத்தனை நாள்? பாப்பா நம்மகூட வருவாளா?" வர முடியாத ஊர்களுக்கு நேரே ஆசிரியர் தாமே கோடு போட்டார். உரோமை போயிற்று. நீஸ் போயிற்று. மோன் சேன் மிஷேலில் கொஞ்சம் தயங்கினார். அதற்கும் கோடு விழுந்தபோது அந்த அறையில் ஒரு சிறு அமைதி நிலவியது. அவருடைய இழப்பு உண்மையான இழப்பு. அதை நாம் ஆறுதல் மொழியால் மூடவில்லை. பிரெஞ்சு நூலிலிருந்து தொடர்வண்டி விவரங்களை அவர் தமிழில் எழுதி, வரைபட நூலின் பக்க ஓரங்களில் ஒட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. பளபளத்த நூலை நம் பங்கு நூலகத்திற்கே கொடுத்துவிட்டார்.

கைப்பேசி இருக்கும்போது இந்த வேலையெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். கைப்பேசியும் அவர்களிடம் இருந்தது. அதைப் பாட்டியும் பேத்தியும் மடியில் விரித்துவைத்துப் பார்க்க முடியாது என்பதோடு விட்டுவிடுகிறோம்.

ஆவணியில் புறப்பட்டு, புரட்டாசியில் திரும்பினார்கள். அடுத்த ஞாயிறு அந்த நூலும் நம்மிடம் வந்தது. அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. ஓரமெல்லாம் ஆசிரியரின் முத்து முத்தான கையெழுத்து. இடையிடையே வண்ணப் பென்சில் கோடுகள். அவை பேத்தியின் கைவேலை. சில பக்கங்களில் மட்டும் அம்மையாரே பந்துமுனைப் பேனாவால் எழுதியிருந்தார். லூர்துப் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு சிறு கட்டம் போட்டு, "இங்கே உட்காரலாம், நிழல் உண்டு" என்று குறித்திருந்தார். கெபியின் அருகே மெழுகுதிரிகள் எரிவதாக அந்தப் பழைய நூல் காட்டிய இடத்தை அடித்துவிட்டு, "மெழுகுதிரி இப்போது அக்கரையில். பாலம் உண்டு. மெதுவாகப் போகலாம்" என்று எழுதியிருந்தார். 2018இல் ஒளிச் சிற்றாலயங்கள் ஆற்றின் மறுகரையில் அமைக்கப்பட்டதை நூல் அறியாது. நாமும் அன்றுதான் அறிந்தோம். நேர்ச்சையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நாமும் கேட்கவில்லை.

அந்நூல் இப்போது பங்கு நூலகத்தில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு மாலை, மோன்மார்த்ர் குன்றின் அடியில் அமர்ந்திருந்த கைம்பெண் அதைக் கேட்டு வாங்கினார். இனி அவர் எங்கும் போகப்போவதில்லை, எழுபத்தெட்டு வயதாகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாரிசுப் பக்கங்களைப் புரட்டினார். வெண்குவிமாடம் வரையப்பட்ட பக்கம் வந்ததும் நிறுத்தினார். குன்றின் சரிவில் படிக்கட்டு கோடு கோடாக இருந்தது. அதன் பக்கத்தில், கம்பிவட ஊர்தியின் பாதை இரட்டைக் கோடாக மேலே ஏறியது. ஆசிரியர் அதன் ஓரத்தில் தமிழில் பெயர் எழுதியிருந்தார். அம்மையார் விரலைக் கீழே வைத்து, அந்தக் கோட்டின் வழியே மெல்ல மேலே கொண்டுபோனார். ஆலய வாயிலில் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. நாம் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டோம்.